சாமி கும்பிடாதவர் கேட்ட மன்னிப்பு

ஐ.ஈ. சாரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய சாப்பாட்டு டப்பாதான். மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பா, நடு அடுக்கில் மீன் குழம்பு. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று அந்த மீனுக்கு ஒரு பேதமும் கிடையாது. எதிர் பெஞ்சில் நான் விரதமென்று தயிர்ச்சோற்றையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் அவசரமே படாமல் முள்ளை எடுத்து மூடியின் ஓரத்தில் வைப்பார், சாப்பிட்டுக் கை கழுவுவார், அப்புறம் அதே மேசையில் தலையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குவார். கெட்ட கனவு எட்டிப் பார்க்காத தூக்கம் அது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். தயிர்ச்சோறு தின்ற வயிறு எரியக் கூடாதுதான். ஆனாலும் எரிந்தது, வருடக்கணக்கில் எரிந்தது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் நின்று துணியைக் கைமடிக்கிற எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, தையல் பிரிவுக்கே பொறுப்பாளராக வந்தவன். அதற்குப் பதினான்கு வருடம் ஆனது. அவர் நேராக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொமரலிங்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், இன்ஜினியரிங் படிப்பு. ஒரு கழுத்து தைக்க எத்தனை விநாடி, ஒரு கை மூட்ட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் அளந்து, எந்த ஆளை எங்கே உட்கார வைத்தால் வேலை தேங்காமல் ஓடும் என்று சொல்வது அவர் உத்தியோகம். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் என்ற அந்த இங்கிலீஷ் பெயரைச் சுருக்கித்தான் எல்லாரும் ஐ.ஈ. சார் என்றார்கள். சாமி கும்பிட மாட்டார். அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது எண்ணெய்த் துணியோடு வந்து துடைத்துக் கொடுப்பார், பொரியும் சுண்டலும் வாங்கித் தின்பார், திருநீற்றுத் தட்டு வந்தால் சிரித்தபடி நகர்ந்துகொள்வார். நம்மோடு மல்லுக்கட்டுகிற நாத்திகராக இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனதை ஆற்றியிருப்பேன். இந்த மனுசன் அதற்கும் வழி வைக்கவில்லை.

பொறாமையை மறைத்துப் பேசுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. என் மகளுக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்து, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, கல்யாணம் செய்து வைத்தோம். ஒன்றரை வருடத்தில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் மகள் வேறு சாதிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள்; ஜாதகக் கட்டுகூடக் கிடையாது. அவள் பேத்தியும் பேரனுமாகப் பெற்றுக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் வந்து அப்பனைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு ஏழரைச் சனி என்று சொன்னார்கள். சனிக்கிழமை விடாமல் எள் விளக்குப் போட்டேன், முழங்கால் வலிதான் கூடியது. அவருக்கு எந்தச் சனி நடந்ததென்று அவருக்கே தெரியாது. தையல் லைனில் இருக்கிற பெண்கள் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவரைக் கண்டால் வீட்டுக் கதை சொல்வார்கள். ஒருநாள் என் மனைவியே சொன்னாள்: "அவரு சாமி கும்புடாட்டிப் போவுதுங்க. கொணத்துல சாமியாட்டந்தான இருக்கறாரு." நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

அந்த எரிச்சலில் எனக்கென்று ஒரு சித்தாந்தத்தை வளர்த்துக்கொண்டேன். மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்ற பயம் போய்விட்டால், அப்புறம் மனிதன் மனிதனை வெறும் எண்ணாகத்தான் பார்ப்பான். அறிவு மட்டும் ஆட்சிக்கு வந்தால் அடக்குமுறையில்தான் போய் முடியும். சாமியே வேண்டாம், எல்லாம் பகுத்தறிவுப்படி என்று கிளம்பிக் கோயில்களைப் பூட்டிய நாடுகளில் சனங்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று பேப்பரில் படித்ததையெல்லாம் டீக்கடையில் எடுத்து விடுவேன். "கையில ஸ்டாப்வாட்ச், மனசுல சாமி இல்ல. பாத்துட்டே இருங்க, ஒரு நா நம்மளையெல்லாம் மிஷினாக்கீருவாரு" என்று செக்கிங்காரர்களிடம் சொல்லிவைத்தேன். இது நியாயத்துக்காகச் சொன்னதில்லை. அவர் ஒருமுறையாவது சறுக்கி விழ வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சறுக்கினார். ஒரு பெரிய ஆர்டருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் ஐந்தாறு மிஷின் ஆளில்லாமல் கிடக்கிறதே என்று ஒரு வாரம் அளந்து பார்த்தார். பாத்ரூம் போகிறவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று பேசிவிட்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்தார். லைனுக்கு இரண்டு டோக்கன், டோக்கன் கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம், ஆளுக்கு ஏழு நிமிடம் என்று ஏற்பாடு செய்தார். கணக்குப்படி அது யாருக்கும் குறை வைக்காத ஏற்பாடு. வேலையும் ஏறியது. முதலாளி அவர் தோளைத் தட்டினார். அடுத்த வாரம், துணி ஓரங்களை மூட்டுகிற ஓவர்லாக் மிஷினில் இருந்த ஓர் அம்மா மயங்கிக் கீழே சரிந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஓவர்லாக் அக்கா என்றுதான் லைனே கூப்பிடும். மாதவிடாய் நாளில் டோக்கனுக்குக் கை நீட்டிக் கேட்க வெட்கப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நான் சந்தோஷப்பட்டேன். எழுதுவதற்குக் கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம். பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்று என் உள்ளுக்குள் ஒருத்தன் குதித்தான். சாமி இல்லாத மூளை கடைசியில் ஒரு பெண்ணின் ஒன்றுக்குப் போகிற உரிமையில் வந்து கை வைத்துவிட்டது என்று டீக்கடையில் சொல்வதற்கு வாக்கியமே தயாராகிவிட்டது. சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சாயந்திரமே ஐ.ஈ. சார் அந்த அம்மா குடியிருந்த லைன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். என்ன சமாதானம் சொல்கிறார் பார்ப்போம் என்று நானும் கூடவே ஒட்டிக்கொண்டு போனேன். வாசலில் பத்து வீட்டுச் சனம் பார்க்க நின்றுகொண்டு, "என்ற கணக்கு தப்புங்கம்மா. ஏழு நிமிசத்த அளந்தனே ஒழிய உங்களக் கேக்குல. நீங்க மன்னிக்கோணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா பதறிப்போய், "ஐயோ சார், நீங்க போய்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் லைன் முன்னால் மைக்கைப் பிடித்து அதையே மறுபடி சொல்லிவிட்டு, டோக்கன்களை ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தப்புச் செய்தும் பேர் வாங்குகிற சாமர்த்தியம் உண்டா? முன்னைவிட இரண்டு பங்கு எரிந்தது எனக்கு.

பொறுக்க முடியாமல் அன்று டீ குடிக்கும்போது நேரடியாகவே கேட்டுவிட்டேன். "ஏனுங்க சார், சாமி பயம்னு ஒண்ணு இருந்திருந்தா அந்த டோக்கனப் போட்டிருப்பீங்களா?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கேக்கறது சரிதானுங்க. அறிவு மட்டும் இருந்தாப் பத்தாதுங்க. ஸ்டாப்வாட்சுக்கு வயித்து வலி தெரியாது. ஆனா ஒண்ணுங்க. அத எனக்குச் சொல்றக்குச் சாமி வரோணுமா, அந்தம்மா சொன்னாப் பத்தாதா? எனக்கு மேல ஆரும் இல்லீங்க. அதனால பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் நான் பதில் சொல்லியாகோணும். தப்பிக்கறக்கு வேற எடமில்லீங்க" என்றார். அது எனக்குப் பதிலாகவே படவில்லை. நன்றாகப் பேசுகிறாரே என்றுதான் பட்டது, அதற்கும் சேர்த்து எரிந்தது.

இனி ஊசிக் கதைக்கு வருகிறேன். பனியன் கம்பெனியில் இருந்தவர்களுக்குத் தெரியும், தையல் மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மிஷினைச் சுற்றி இருக்கிற பீஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். ஊசிப் பெட்டிச் சாவியும் ரிஜிஸ்டரும் என் பொறுப்பு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை கிளம்புகிற நாள் அது. நான் மாலை போட்டிருந்தேன். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி, பிளாட்லாக் மிஷின் டெய்லர், அவனும் மாலை போட்டிருந்தான். நான்கு மணிக்குக் கம்பெனி வாசலிலிருந்து கூட்டம் கிளம்புகிறது, மூன்றரைக்கு அவன் ஊசி உடைந்துவிட்டது. மேல் துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. அவன் கழுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "முருகன் மேல சத்தியமுங்க மச்சான், முனை கீழதான் உழுந்துச்சு. கூட்டறவங்க தள்ளீட்டுப் போயிட்டாங்க" என்றான். மாலை மேல் கை வைத்து ஒருவன் சொன்ன பிறகு சந்தேகப்பட்டால் அது முருகனையே சந்தேகப்பட்ட மாதிரி. அப்படித்தான் நினைத்தேன். நடைக்கு நேரமாகிறது என்பதும் கூடவே இருந்தது. முனை ஒட்ட வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டு, கையெழுத்துப் போட்டு, புது ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு அரோகரா சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு டிடெக்டர் இருக்கத்தான் செய்தது. அதுவும் எப்படியோ விட்டுவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்த முனை வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது, போட்டோவாக. கைக்குழந்தைக்குப் போடுகிற சட்டை, கீழ்மடிப்புக்குள் ஊசி முனை. குழந்தைக்குப் படுவதற்கு முன்னாலேயே கடையில் கண்டுபிடித்துவிட்டார்கள், அது யார் செய்த புண்ணியமோ. யாருடைய கவனக்குறைவு, அந்த ஆள் மேல் என்ன நடவடிக்கை என்று உடனே சொல்லாவிட்டால் இனி ஆர்டர் கிடையாது என்று வாங்குகிற கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். ஐ.ஈ. சார் அந்த வாரம் தாராபுரத்தில் எங்கள் இன்னொரு யூனிட்டில் இருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆருன்னு சாயந்திரத்துக்குள்ள தெரியோணும்" என்றார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் நினைத்து நினைத்துப் பெருமைப்பட்ட யோசனை அது. கம்பெனி வாசலில் இருக்கிற பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றுவது. அந்த லைனில் இருக்கிற நாற்பது பேரும் ஒவ்வொருவராக வந்து, 'எனக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைப்பது. கணக்கெல்லாம் எதற்கு, பொய்ச் சத்தியம் செய்கிறவன் கை நடுங்கிவிடாதா என்றேன். முதலாளிக்கும் பிடித்துப்போய்விட்டது.

வரிசையாக வந்தார்கள். வடக்கத்திப் பையன்கள்கூட வந்து அணைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் நான் புதுக் கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தேன். என் மச்சினன் வந்தான். கொஞ்சமும் நடுங்காமல் அணைத்தான். அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான். அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, மூன்றரை மணி, மாலை, வெறும் கட்டம், என் கையெழுத்து எல்லாம். அடுத்து வந்தவர்கள் ஓவர்லாக் அக்கா. கற்பூரத்துக்கு முன்னால் நின்றார்கள், கையை நீட்டவில்லை. "நான் சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. எந்தச் சாமி முன்னாலயும் பண்ண மாட்டேன். எங்க கோயில்லயே பண்ண மாட்டோம், சத்தியமே பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு. ஊசி என்னோடது இல்ல. இல்லன்னு சொன்னா இல்லதான்" என்றார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "மடியில கனமில்லைன்னா அணைச்சுட்டுப் போக வேண்டியதுதானுங்க" என்று நான் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அந்த அம்மா தலையை ஆட்டினார்கள். சாயந்திரம் வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. வெளிநாட்டுக்கு அவர்கள் பெயர் போட்டு அறிக்கையும் போயிற்று. குழந்தைச் சட்டையில் ஊசி விட்டவள் என்ற பெயர் எங்கள் ஊரில் எல்லாக் கம்பெனி வாசலுக்கும் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. அதற்குப் பிறகு எந்தப் பனியன் கம்பெனியிலும் அவர்களை மிஷினில் உட்கார வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஐ.ஈ. சார் வந்தார். யாரிடமும் சத்தம் போடவில்லை. போட்டோவை வாங்கிப் பார்த்தார், ஊசிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு வகை ஊசியாக வைத்து ஒப்பிட்டார், ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். மதியம் என் எதிரில் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார். "அந்த மடிப்பு அடிக்கறது பிளாட்லாக் மிஷினுங்க. ஓவர்லாக் அக்கா அந்த வேலையத் தொடவே இல்ல. ஊசியும் பிளாட்லாக் ஊசி. முனை ஒட்டாம உட்டது இந்த ஒரு நாள் மட்டுந்தானுங்க" என்றார். நான் மாலை, முருகன், சத்தியம் என்று என்னவோ சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "உங்க மச்சினன் பயத்துல சொல்லியிருப்பாருங்க. நீங்க நம்பி உட்டுட்டீங்க. அது தப்புத்தான், ஆனா மனுசன் பண்ற தப்பு. அந்தம்மாள அனுப்புனீங்களே, அதுதான் வேற. நான் மொதலாளிகிட்டப் போறதுக்கு மின்ன நீங்களே போயிருங்க. நாளைக்குக் காத்தால வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டனுங்க" என்றார். அவர் என்னைக் காட்டிக் கொடுக்காமல் எனக்கு வழி விடுகிறார் என்று அப்போது தோன்றவில்லை. இதிலும் அவரே நல்லவராகிறாரே என்று தோன்றியது.

முதலாளியிடம் போகவில்லை. கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கம் பூவாக்கு கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு, பூசாரியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். கல்யாணம், கிணறு வெட்டுவது, மிஷின் வாங்குவது எல்லாம் இப்படிக் கேட்டுத்தான் செய்வோம். வெள்ளை வந்தால் சொல்லிவிடுகிறேன், சிவப்பு வந்தால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளை வந்தது. சரியாக நினைக்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் வெள்ளை. "இன்னொருக்கா போடுங்க சாமி" என்றேன். சிவப்பு. பூசாரி, "ரெண்டு வெள்ளை வந்திருச்சுங்களே" என்று இழுத்தார். "கடேசியா வந்ததுதானுங்க வாக்கு" என்று சொல்லித் தட்டில் தட்சணையைப் போட்டேன். ஒரு தேங்காயும் உடைத்தேன். நம்ப மாட்டீர்கள், மனது நிஜமாகவே லேசாகிவிட்டது. ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவரிடம், "அம்மன் உத்தரவு குடுக்குலீங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பிடீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனார். ஊசி ஓவர்லாக் அக்காவுடையது இல்லை என்று போட்டோவையும் ஊசியையும் வைத்து நிரூபித்திருக்கிறார். அப்படியானால் யார் என்று முதலாளி கேட்கவே இல்லை. "பேரு போயிருச்சுங்க. இனி மாத்துனா வெளிநாட்டுக்காரன் நம்ம கம்பெனியத்தான் சந்தேகப்படுவான்" என்றாராம். முதலாளி அறையில் எல்லாத் தெய்வத்தின் படமும் உண்டு, ஊதுபத்தி அணைந்ததே இல்லை. அந்த மாதக் கடைசியில் ஐ.ஈ. சார் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். பல்லடத்தில் தெரிந்தவர் ஒருவரின் விசைத்தறிக் குடோனில் ஓவர்லாக் அக்காவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய நாற்காலி எனக்குக் கிடைத்தது. மேனேஜர் பதவியும் கிடைத்தது. பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். ஒருநாள் மத்தியானம்கூட அங்கே எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தாராம். கருமாதி கிடையாது என்பதால் பல்லடம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர், தெய்வ நம்பிக்கையும் இருந்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பார் என்று கடைசியில் ஒரு குத்து வைத்திருந்தேன். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வேன் பிடித்து வந்திருந்தார்கள் பெண்கள். தலை நரைத்த டெய்லர்கள், செக்கிங்காரர்கள், ஒரிசாப் பையன்கள். எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்று அங்கேயும் எண்ணிப் பார்த்தேன். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற கேவலம் என்னோடு போகட்டும்.

சுவர் ஓரமாக ஓவர்லாக் அக்கா நின்றிருந்தார்கள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன், அவர்களே கிட்ட வந்து, "நல்லாயிருக்கீயளா அண்ணாச்சி" என்றார்கள். அந்தக் குரலில் கொஞ்சம் வெறுப்பு இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னை அறியாமல், "அந்த ஊசி உங்குளுது இல்லீங்கம்மா. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று வந்துவிட்டது. அவர்கள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. சார் அப்பவே சொல்லிட்டாவ."

"அப்பறம் ஏனுங்கம்மா ஆருகிட்டயும் சொல்லுல?"

"சொல்லத்தான் கெளம்புனேன். சார்தான், அவரு மோசமான மனுசன் இல்ல, அவரே வந்து சொல்லுவாரு, கொஞ்சம் பொறுங்கன்னாவ. நானும் இந்த மாசம் வருவீய, அடுத்த மாசம் வருவீயன்னு பாத்தேன். பொறவு பாக்கத விட்டுட்டேன். சார் விடல. போன பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்பக்கூட, அவரு வந்தாரான்னு கேட்டாவ."

எந்தச் சாமியையும் நம்பாத மனுசன் இத்தனை வருடமாக என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் எதிலெல்லாம் சறுக்குவார் என்று நான் காத்திருந்தேன், நான் எப்போது நிமிர்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். சாமி இல்லாத அறிவு அடக்குமுறையில் போய் முடியும் என்று ஆயுசு முழுக்கப் பேசினேன். டோக்கன் போட்டது அறிவுதான், மறுக்கவில்லை. அதை ஒடித்ததும் அதே கைதான். என் கையில் கற்பூரம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் எதையும் ஒடிக்கவில்லை, ஒரு பெண்ணின் பிழைப்பைத் தவிர. சாமியையும் குற்றம் சொல்ல முடியவில்லை. என் எதிரில் நிற்கிற அம்மாவுக்கும் சாமி உண்டு. அந்தச் சாமிக்காகத்தானே கையை நீட்ட மாட்டேன் என்று நின்றார்கள். எனக்கு இரண்டு தடவை வெள்ளைப் பூ கொடுத்ததும் ஒரு சாமிதான்.

"என்னய மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அதெல்லாம் ஆண்டவர்கிட்டச் சொல்லி எப்பவோ மன்னிச்சாச்சு. உங்களுக்காக ஜெபமும் பண்ணுதேன்" என்றார்கள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆனா அன்னைக்கு வரிசையில நின்னவங்க பாதிப் பேரு இங்கதான் இருக்காவ. அவங்களுக்கு நான் இன்னும் குழந்தத் துணியில ஊசி விட்டவதான் அண்ணாச்சி."

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். மேடைக்குப் போகிற வழியில் மச்சினனைப் பார்த்தேன், முன் வரிசையில் முதலாளியைப் பார்த்தேன். எழுதி வந்த காகிதத்தை எடுக்கவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஐ.ஈ. சாரப் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு அவரக் கண்டா ஆகாதுங்க. பொறாமை. அத அப்பறம் சொல்றனுங்க. மின்ன இங்க இருக்கற ஒரு அம்மாவுக்கு நான் பண்ணுன அநியாயத்தச் சொல்லியாகோணும்" என்று ஆரம்பித்தேன். நடை கிளம்பிய நாளிலிருந்து மூன்றாவது பூ வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் முதலாளி எழுந்து வெளியே போனார். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் கை தட்டவில்லை, நல்லவேளை. "அந்த ஊசி அவங்குளுது இல்லீங்க" என்று நான் முடித்தபோது மண்டபமே திரும்பித் தேடியது. ஓவர்லாக் அக்கா சுவரோரத்திலிருந்து நடுவழிக்கு வந்து, எல்லாருக்கும் முகம் தெரியும்படி நின்றார்கள்.